செல்லையாவின் மூன்றாவது பதில்

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளே, புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். பணத்தை எங்கே போடலாம் என்று பிறருக்கு ஆலோசனை சொல்ல உரிமம் வேண்டும், உரிமத்துக்குப் பரீட்சை உண்டு, பரீட்சையில் பாதிக்கு மேல் சட்டம். அந்தச் சட்டத்தை நான் சொல்லித் தரப் போவதில்லை. அதற்கு இங்கே சயானில் தெருவுக்கு ஒரு கிளாஸ் நடக்கிறது. சட்டத்தைக் கரைத்துக் குடித்த ஒருத்தி எப்படி முட்டாளானாள் என்பதை மட்டும் சொல்கிறேன். அந்த ஒருத்தி நான்தான்.

நான் பார்த்தது கம்ப்ளையன்ஸ் வேலை. ஆலோசகர்கள் சட்டப்படி நடக்கிறார்களா என்று பின்னாலிருந்து பார்க்கிற வேலை. நான் கேண்டீனுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒருவருக்கு ஆலோசனை சொல்வதற்கு முன்னால் அவரால் எவ்வளவு நஷ்டம் தாங்க முடியும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இது உங்கள் புத்தகத்திலும் இருக்கும். எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு முறை போனில் பத்துக் கேள்வி கேட்டு, பதிலைப் பதிவு செய்துவைப்போம். ஒரு தடவை அப்பா பேரில் பிள்ளை பதில் சொல்லிவிட்டான். நஷ்டம் வந்ததும் அப்பா ஆபீசுக்கு வந்து, "நான் வாயே திறக்கலையே" என்று நின்றார். அன்றைக்கு நான் ஒரு சர்குலர் எழுதினேன். பத்துக் கேள்வியையும் ஒரு சொல் மாற்றாமல், அதே வரிசையில் கேட்க வேண்டும். பதில் வாடிக்கையாளரின் சொந்தக் குரலில் இருக்க வேண்டும். வேறு யார் குரலும் ஏற்கப்பட மாட்டாது. கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன். அப்போது எனக்கு ஏகப் பெருமை.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் இருக்கும்போது ஒரு நாள் காலை. செம்பூர் கிளையில் பிரசாந்த் என்று ஓர் ஆலோசகன் இருந்தான். கெட்டிக்காரன், மரியாதை தெரிந்தவன், மாசக் கடைசி வந்தால் மட்டும் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்ட மாதிரி நிற்பான். அவன் ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தான்.

"மேடம், மூணு மணிக்குள்ள சைன் வேணும். அந்த ஸ்கீம் இன்னிக்கு மூணு மணிக்கு க்ளோஸ்."

வாடிக்கையாளர் பெயர் செல்லையா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் தோல் பெல்ட் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையை விற்று, செம்பூரில் ஒரு ஃப்ளாட் வாங்கியது போக மீதியை எங்களிடம் கொடுத்திருந்தார். போன வருஷம் அதில் பாதியை ஆபத்து அதிகமான திட்டங்களுக்கு மாற்றியாகிவிட்டது. மிச்சப் பாதியை ஏழு வருஷம் வெளியே எடுக்க முடியாத ஒரு திட்டத்தில் போடலாம் என்று பிரசாந்த் எழுதியிருந்தான். ஆதாரம், அந்த வாரம் பதிவு செய்த பத்துப் பதில்கள்.

காதில் ஹெட்போனை மாட்டினேன். மூன்றாவது கேள்வி வந்தது. ஒரே வருஷத்தில் உங்கள் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? செல்லையாவின் குரல் கணீரென்று வந்தது.

"கொறஞ்சா கொறயட்டும் தம்பி. பயந்து ஓடுதவன் தொழில் பண்ண முடியுமா? இருந்து பாப்போம்."

'தொழில்' என்பதற்கும் 'பண்ண' என்பதற்கும் நடுவே ஒரு காக்கை இரண்டு தரம் கத்தியது. அங்கேயே நிறுத்தினேன். இதே காக்கையை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. போன வருஷப் பதிவை எடுத்து மூன்றாவது பதிலை மட்டும் ஓட்டினேன். அதே சொற்கள், அதே இடத்தில் காக்கை, இரண்டு தரம். அதற்கும் முந்தைய வருஷம், அதாவது முதல் பதிவு. அதிலும் காக்கை. ஆனால் அதில் அவர் சிரிக்கிறார், பிரசாந்த் பதிலுக்குச் சிரிக்கிறான், கேள்வி முடிவதற்குள் அவர் குறுக்கே பேசுகிறார். பின்னால் வந்த இரண்டிலும் சிரிப்பு இல்லை. கேள்வி முடிந்ததும் ஒரு சின்ன வெறுமை, பிறகு பதில். பிரசாந்தின் குரல் வருஷத்துக்கு வருஷம் மாறியிருந்தது. ஒரு வருஷம் ஜலதோஷம் கூட இருந்தது. செல்லையாவின் குரல் மட்டும் ஒரு மயிரிழை கூட மாறவில்லை.

பட்டப்பகல், ஏசி ஓடுகிறது, சுற்றி முப்பது பேர் டைப் அடிக்கிறார்கள். நான் கோப்பில் அவர் போன் நம்பரைத் தேடினேன்.

செல்லையாவின் நம்பருக்கு நானே அடித்தேன். ஒரு பெண் எடுத்தார். செல்லையா சாரோடு பேச வேண்டும், கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்றேன். எதிர்ப்பக்கம் எதையோ நகர்த்தும் சத்தம். பிறகு அந்தக் குரல்.

"சொல்லுங்க, செல்லையா பேசுதேன்."

நான் பத்துக் கேள்வியில் இல்லாத ஒன்றைக் கேட்டேன். "நமஸ்காரம் சார். இன்னிக்குக் காலம்பற என்ன சாப்பிட்டேள்?"

மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது, ஒன்றல்ல, இரண்டு பேருடைய மூச்சு. நான் இன்னொரு தரம் கேட்டேன்.

"கொறஞ்சா கொறயட்டும் தம்பி," என்றது குரல். காக்கை கத்தியது. போன் துண்டிக்கப்பட்டது.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அதைத் தொடப் பயந்து உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதீர்கள். உங்களுக்கு அப்படி ஒரு பதில் வந்தால் தெரியும்.

பிரசாந்தைக் கூப்பிட்டேன். "அந்த மனுஷன் உயிரோட இருக்காராடா?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க! நான்தானே பேசினேன்."

"நேர்ல பார்த்தது எப்போ?"

அவன் யோசித்தான். முதல் வருஷம் கையெழுத்து வாங்கப் போனபோது பார்த்ததாம். அதற்குப் பிறகு எல்லாம் போன்தான். "ரூல் அவ்வளவுதானே மேடம், போன்ல கேட்டா போதும்னு." அதுவும் உண்மைதான்.

அவனையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். கணக்கு முடங்கிவிடும் என்று பயந்து வீட்டில் மறைக்கிறார்கள். செத்தவர் குரலை வைத்து இருக்கிறவர்களின் பணத்தை ஏழு வருஷம் பூட்டப் போகிறோம். கதவு திறந்ததும் சுவரைப் பார்க்க வேண்டும், மாலை போட்ட படம் இருக்கும், அதைப் பார்த்தவுடன் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மூன்றாவது மாடி. மணி அடித்தேன். கதவைத் திறந்தவர் செல்லையா.

கோப்பில் இருந்த போட்டோவே எழுந்து வந்தது போல இருந்தார். சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை, இடுப்பில் அவர் பட்டறைப் பெல்ட்டாகத்தான் இருக்க வேண்டும், நல்ல தடிமன். என்னைப் பார்த்தார். பிரசாந்தைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், அவருக்குப் பின்னால் உள்ளறையிலிருந்து அவர் குரல் வந்தது.

"சொல்லுங்க, செல்லையா பேசுதேன்."

எதிரே நின்றவரின் உதடு அசையவே இல்லை. பிரசாந்த் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஆயியோ!" என்று மராத்திக்காரன் மாதிரி கத்தினான். எனக்குக் கத்தக்கூட வரவில்லை. குலதெய்வத்தை நினைக்கிறேன், பெயர் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

உள்ளேயிருந்து ஓர் அம்மா ஓடி வந்தார். கையில் போன். செல்லையாவின் மனைவி இசக்கியம்மாள்.

"போன்ல பேசுனது நீங்கதானாம்மா? என்ன சாப்பிட்டியன்னு கேட்டா எதப் போடுதது? அதுக்கு அவுக பதிலு எங்கிட்ட இல்ல. பதட்டத்துல மூணாவத அமுக்கிட்டேன். எங்க தப்பு வந்துதுன்னு இப்பதான் போட்டுப் பாத்துட்டு இருந்தேன்."

உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவரே எல்லாவற்றையும் சொன்னார். ஒளிக்கவே இல்லை.

"ஒண்ணர வருசத்துக்கு முந்தி, காலைல பல்லு தேச்சிட்டு நின்னவுக அப்படியே சாஞ்சிட்டாவ. பக்கவாதம். தாயி புண்ணியத்துல உசுரு தப்பிச்சிட்டு. காலு வந்துட்டு, கையி கொஞ்சம் வந்துட்டு. பேச்சு மட்டும் வரல. எழுதவும் வரல. போன வருசம் இந்தத் தம்பி போன் போட்டாரு. அவுகளுக்குச் சொகமில்ல தம்பி, நான் சொல்லுதேன்னேன். 'இல்லம்மா, சார் சொந்தக் குரல்லதான் வேணும், வேற யார் குரலும் ஏத்துக்க மாட்டாங்க, கணக்கு நின்னுரும்'னுட்டாரு. நான் என்ன செய்ய? அவுக போன்ல எல்லாப் பேச்சும் தானா பதிவாவும். யாவாரத்துல எவனும் வாக்கு மாறிரக் கூடாதுன்னு அவுகளே வச்சது. மொத வருசம் இவருகிட்ட பேசுனது அதுல இருந்துச்சு. பூனால எம் மக இருக்கா, அவ துண்டு துண்டா வெட்டி நம்பர் போட்டு எம் போனுக்கு அனுப்புனா. கேள்விதான் மாறாதே! ஒண்ணு கேட்டா ஒண்ண அமுக்குவேன், ரெண்டு கேட்டா ரெண்ட அமுக்குவேன்."

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாங்க கள்ளத்தனம் ஒண்ணும் பண்ணலம்மா. கேட்டது சொந்தக் குரலு. சொந்தக் குரலத்தான் குடுத்தோம்," என்றார்.

நான் தடித்த எழுத்தில் போட்ட வரி, ஒரு சொல் பிசகாமல் அந்த அம்மாள் வாயில் இருந்தது. சட்டத்தை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரு குடும்பத்தை என் சர்வீசில் பார்த்ததில்லை.

மணி இரண்டேகால். பிரசாந்த் வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "மேடம், ஆள் இருக்கார், குரல் அவரோடதுதான், பதிலும் அவர் சொன்னதுதான். டெக்னிக்கலா ஒரு தப்பும் இல்ல. சைன் பண்ணிடுங்க. இன்னிக்கு விட்டா அவங்களுக்குத்தான் நஷ்டம்னு நாளைக்கு நம்ம மேலயே கம்ப்ளெயின்ட் வரும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நேரம் கடத்துவதற்காகத்தான் சொன்னேன்: "எப்படிப் பண்ணுவேளோ அப்படியே என் முன்னாடி ஒரு தடவை பண்ணிக் காட்டுங்கோ."

இசக்கியம்மாள் போனை மேஜையில் வைத்தார். நாற்காலியைப் போட்டுப் போனுக்கு நேரே குனிந்து உட்கார்ந்தார். எந்த எண்ணை அமுக்குவது என்று தவறிவிடக் கூடாதே, கண் அதிலேயே இருந்தது. செல்லையா அவருக்குப் பின்னால் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிரசாந்த் கேட்டான். குரல் பதில் சொன்னது. ஒன்று. இரண்டு. தன்னுடைய பழைய குரல் பேசப் பேச, செல்லையாவின் உதடு கூடவே அசைந்தது. பார்க்கக் கூசியது. உடம்பை இங்கே விட்டுவிட்டுக் குரல் மட்டும் எதிர் வீட்டில் குடித்தனம் பண்ணுகிற மாதிரி.

மூன்றாவது கேள்வி. "கொறஞ்சா கொறயட்டும் தம்பி. பயந்து ஓடுதவன் தொழில் பண்ண முடியுமா? இருந்து பாப்போம்."

இந்த முறை உதடு அசையவில்லை. குரல் நின்றதும் அவர் நாற்காலிக் கையில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. தலை இடமும் வலமுமாக ஆடியது.

இசக்கியம்மாள் திரும்பவில்லை. போனைப் பார்த்தபடியே, பழக்க தோஷத்தில் சொன்னார்: "சத்தம் போடாதிய. பதிவாவுதுல்லா." என்னிடம், "எப்பவும் இந்த இடத்துலதாம்மா தட்டுவாவ," என்றார்.

"எப்பவுமா?"

"ஆமா. போன வருசமும் தட்டுனாவ. பழைய தைரியத்துல தட்டுதாவ போலன்னு நெனச்சிக்கிடுவேன்."

எழுந்து செல்லையாவின் முன்னால் போய் நின்றேன். அவர் கண் என் முகத்தில் நிலைத்தது. பிரசாந்த் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னான்: "மேடம், மூளையில அடி வாங்கினவர். ஆமான்னு நினைச்சு இல்லைன்னு தலையாட்டலாம். இதையெல்லாம் பதிலா எடுத்துக்க முடியுமா? ரெக்கார்டுதானே மேடம் எவிடென்ஸ்?"

இதையும் தள்ளிவிட முடியாது. நான் டாக்டர் இல்லை. வாசலுக்கு வந்து என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். மாட்டுங்காக்காரர், கோபக்காரர், சட்டத்தை என்னைவிட அதிகம் படித்தவர். நடந்ததைச் சொல்லிவிட்டு, விதி இப்படிச் சொல்கிறது, விதி அப்படிச் சொல்கிறது என்று அடுக்கினேன்.

"விதி என்ன சொல்றதுன்னு எனக்கு நீ சொல்லாதே ஜெயா. அவர் என்ன சொல்றார்?"

"அவருக்குப் பேச வரலை சார்."

"பேச வரலைன்னா சொல்ல ஒண்ணுமில்லைன்னு அர்த்தமா? போய்க் கேளு." வைத்துவிட்டார்.

போய்க் கேட்டேன். விடை எனக்கே தெரிந்த கேள்விகளாக முதலில் கேட்டேன். "உங்க பேரு செல்லையாவா?" தலை மேலும் கீழும். "நாம இப்போ தாராவியில இருக்கோமா?" இடமும் வலமும். "இவங்க உங்க தங்கச்சியா?" அவர் இசக்கியம்மாளைப் பார்த்தார். தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல் சிரிக்கிறார். "ஆத்தாடி, இந்தச் சிரிப்பு சிரிச்சு எத்தன நாளாச்சு," என்று அந்த அம்மாள் அப்போதுதான் முதல் தடவையாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பிறகு கேட்டேன். "பணம் குறைஞ்சா பரவாயில்லையா?" தட்டல், மூன்று. "குறையக் கூடாதா?" தலை மேலும் கீழும், நிதானமாக. "ஏழு வருஷம் எடுக்க முடியாம பூட்டி வைக்கலாமா?" தட்டல். நிற்கவே இல்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனாலும் தட்டிக்கொண்டே இருந்தார். இசக்கியம்மாள் எழுந்து அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உசுரோட மனுசன பக்கத்துல வச்சிக்கிட்டு நான் போன்கிட்டல்லா கேட்டுட்டு இருந்திருக்கேன்," என்றார். அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. "பட்டறை இருந்தப்ப வேற, இப்ப வேறன்னு எனக்குத் தெரியலயே. மருந்துக்கும் மாத்திரைக்கும் என்ன செய்யன்னு நானே ராத்திரியெல்லாம் முழிச்சிக்கிட்டுக் கிடந்தேன். அவுகளும் அதத்தான் நெனச்சிக்கிட்டு இருந்திருக்காவ."

இரண்டு ஐம்பதுக்கு ஆபீசுக்குச் சொல்லி நிறுத்தினேன். அந்தத் தலையாட்டல் முழுக்கச் சரிதான் என்று அன்றைக்கு என்னால் சத்தியம் செய்திருக்க முடியாது. ஆனால் ஒரு பக்கம் போனால் ஏழு வருஷம் திரும்பி வர முடியாது, இன்னொரு பக்கம் போனால் அடுத்த வாரமே திரும்பி வரலாம். எது சரியென்று தெரியாதபோது திரும்பி வரக்கூடிய பக்கத்தில் நில்லுங்கள். இது உங்கள் பரீட்சையில் வராது. ஆனாலும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் டாக்டரை வைத்து, இரண்டு சாட்சிகளை வைத்து, முகம் பார்த்துப் பத்துக் கேள்வியையும் கேட்டோம். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டியே தெளிவாகப் பதில் சொன்னார். மிச்சப் பாதி தப்பியது. போன வருஷம் மாற்றிய பாதி ஏற்கெனவே நன்றாகத் தேய்ந்திருந்தது. அதை மீட்டுக் கொடுக்க எங்கள் கம்பெனியோடு ஒன்றரை வருஷம் சண்டை போட்டேன். கொஞ்சம்தான் கிடைத்தது. சர்குலரின் கடைசி வரியை எடுத்தேன். அதற்கு மேல் எனக்கும் தண்டனை எதுவும் வரவில்லை, பிரசாந்துக்கும் வரவில்லை. சட்டப்படி யாரும் தப்பு செய்திருக்கவில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பி வந்து போன வருஷப் பதிவை மறுபடி போட்டேன். காலையில் மூன்றாவது பதிலோடு நிறுத்தியிருந்தேன். இப்போது நிறுத்தாமல் விட்டேன். குரல் முடிந்தது. நான்காவது கேள்விக்கு முன்னால், தூரத்தில், மரத்தில் உள்ளங்கை விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கு அடியில் மிக லேசாக, "சத்தம் போடாதிய."

அந்தப் பதிவை ஒப்புக்கொண்டு பாதிப் பணத்தை மாற்றச் சொன்ன அதிகாரி யார் என்று பார்க்கலாம் என்று கோப்பைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே, குறிப்பு என்ற இடத்தில், நானே எழுதியிருந்தேன்: "பின்னணியில் மூன்று முறை தட்டும் சத்தம், வீட்டு வேலையாக இருக்கலாம். குரல் தெளிவாக உள்ளது. அனுமதிக்கலாம்."